எங்கள் முகத்தில் இருந்தது

என் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவதென்றால் வரதராசன்பேட்டையில் முடிவெட்டுகிறவருக்குக் கை நடுங்கும். அப்பாவின் மூக்கின் இரண்டு பக்கமும், கன்னங்களிலும், மோவாயிலும் கேழ்வரகைத் தூவி ஒட்டினாற்போலச் சிவப்புச் சிவப்பாக முண்டுகள். கத்தி லேசாகப் பட்டாலும் ரத்தம் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் மட்டும்தான் சவரம். கால் நக இடுக்குகளில் அரிசி அளவுக்குச் சதை முளைக்கும். அதை அவரே பிளேடால் சீவிவிட்டுக்கொள்வார். முந்திரித் தோப்பில் நாள் முழுக்க நிற்கிற மனிதர், வெயில் சூட்டினால் வந்த பரு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

எனக்கு ஏழெட்டு வயதில் அதே முண்டுகள் முகத்தில் வர ஆரம்பித்தன. அப்பாவுக்கு இருந்த அளவுக்கு இல்லை. மூக்கோரத்தில் மட்டும். பார்க்கிறவர்கள் அப்பனை உரிச்சு வச்சிருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் தம்பி பிறந்த இரண்டாம் வருஷமே அம்மா காமாலையில் போய்விட்டாள். எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தது அப்பாதான். அதனால் அவரைப் போல இருப்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. தம்பியின் முகம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அவன் இடுப்புக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரிச் சொரசொரவென்று இருக்கும். கிணற்றடியில் அவனுக்கு நான்தான் முதுகு தேய்த்துவிடுவேன். அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அழுக்குப் போய்விடும் என்று நினைத்து எத்தனையோ தடவை தேய்த்திருக்கிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து, பள்ளிக்கூட வேலையும் கிடைத்த பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவர் அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றில் மூட்டை ஏற்றுகிற பகுதியில் மேற்பார்வை பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையாக வந்த அவர், பருதானே, விடுங்கம்மா என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

எழுபதுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். நல்ல எடை. குளிப்பாட்டும்போது அவன் முதுகிலும் தொடையிலும் வெளுப்பாகச் சில திட்டுகள் தெரிந்தன. ஒரு முனை உருண்டு, மறுமுனை கூராக, வேப்பிலையை ஒட்டி எடுத்த தடம் மாதிரி. நர்ஸ் தேமல் என்றாள். வளர வளரப் போய்விடும் என்றாள். அவனோடு அவையும் வளர்ந்தன.

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, தூங்கி எழுந்தவனைச் சுவரோரமாகத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். எதிரே மாதா படம். திடீரென்று தலை முன்னால் சாய்ந்தது. இரண்டு கைகளும் முன்னே போய்ச் சேர்ந்தன. உடம்பு மடிந்து நிமிர்ந்தது. ஒரு மூச்சு விட்டு மறுபடியும் அதே மாதிரி. அப்புறம் மறுபடியும். என் மாமியார் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தவர் அப்படியே மண்டியிட்டார்.

“புள்ள மாதாவைக் கும்புடுது பாரு.”

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். காலையில் எழுந்ததும், மத்தியானம் தூங்கி எழுந்ததும் அவன் கும்பிட்டான். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மெழுகுவத்தி ஏற்றினோம். அங்கேயும் கும்பிட்டான். கூட்டத்தில் ஒரு அம்மாள் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு தடவை கும்பிட்டு முடித்ததும் ஏன் அப்படி வீறிட்டு அழுகிறான் என்பது மட்டும் புரியவில்லை.

அவன் அப்பா ஆலையிலிருந்து திரும்பும்போது முனையிலேயே சைக்கிள் மணியை அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு அவன் கை காலை உதைத்துக்கொண்டு சிரிப்பான். ஒரு நாள் மணி அடித்தபோது அவன் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். உடம்பு தூக்கிப்போட்டது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விளக்கைத் தணித்த மாதிரி போய்விட்டது.

அரியலூரில் காட்டிய டாக்டர் முதலில் வயிற்றில் வாயு என்று மருந்து கொடுத்தார். பிறகு ஒரு தடவை அவர் மேஜை மேலேயே பையன் மடிந்து மடிந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு, இது வலிப்பு என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு மாமியார் அவர்மேல் கோபப்பட்டார். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். பெரும்பாலும் தூங்கினான். இரண்டு வயதில்தான் உட்கார்ந்தான். நடக்க மூன்று வயதுக்கு மேலாயிற்று. பேச்சு வரவே இல்லை. கும்பிடுவது நின்று, கீழே விழுந்து கை கால் வெட்டி இழுக்கிற வலிப்பு வந்தது. நடக்க ஆரம்பித்ததும் ஓடினான். எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம். அவன் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி மறுமுனையை மாமியார் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார். நான் பள்ளிக்கூடம் போகிற நேரமெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவன் கடித்த தழும்புகள் அவர் முழங்கை வரை இருந்தன.

அலுப்பில் சில சமயம் சொல்லிவிடுவார்.

“எங்க வூட்டுல யாருக்கும் இப்படி இல்லம்மா.”

எங்கள் வீட்டிலும் யாருக்கும் இப்படி இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையனுக்கு நாலு வயது ஆவதற்கு முன்னால் ஒரு வலிப்பு வெகுநேரம் நிற்கவில்லை. ஊசி போட்டு நிறுத்திய அரியலூர் டாக்டர், தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். போனோம். அங்கே குழந்தைகள் பிரிவில் ஒரு டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும். பையனின் சட்டையைக் கழற்றிப் பார்த்தவர், ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, ஊதா வெளிச்சம் வருகிற ஒரு விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வெளிச்சத்தில் அவன் உடம்பு இருட்டாகவும், திட்டுகள் மட்டும் சுண்ணாம்பு தடவியது போலவும் தெரிந்தன. நாங்கள் பார்த்தது ஐந்தாறுதான். விளக்கில் எண்ண முடியாமல் இருந்தது.

ஜன்னலைத் திறந்ததும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“இது எவ்வளவு நாளா இருக்கும்மா?”

“சின்னப் புள்ளையிலேர்ந்து இருக்குங்க. அப்பாவுக்கும் இருக்கு. பரு.”

“இது பரு இல்லம்மா. செருப்பைக் கழட்டுங்க.”

கழற்றினேன். கால் சுண்டுவிரல் நகத்தோரம் எனக்கும் அப்பாவைப் போலவே ஒரு சதைத் துணுக்கு உண்டு. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற மாணவர்களைக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் என்னைச் சுற்றி நின்று என் மூக்கோரத்தையும் கால் விரலையும் பார்த்தார்கள். ஒருவன் குறிப்பெடுத்தான். அவர் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டே போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் கணவர் பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மாணவர்கள் போன பிறகு எங்களை உட்காரச் சொன்னார். அதன் பெயரை இரண்டு தடவை சொன்னார். ட்யூபரஸ் ஸ்க்ளிரோசிஸ். மூளையில் அங்கங்கே கிழங்கு மாதிரிக் கட்டிகள் இறுகிக் கிடக்கும், அதனால் அந்தப் பெயர் என்றார். ஆனால் இது மூளை வியாதி மட்டும் இல்லை. கரு உருவாகும்போதே உடம்புக்குள் இருக்கிற ஒரு கோளாறு. தோலில் வரும், மூளையில் வரும், சிறுநீரகத்தில் வரும், இதயத்திலும் கண்ணிலும் வரும், சில பெண்களுக்கு நுரையீரலில் வரும். எங்கே வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்குப் பெற்றோர் யாருக்கும் இல்லாமலே புதிதாக வரும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

“அப்ப இவளுக்கு ஏன் வலிப்பு வரலை?” என்று என் கணவர் கேட்டார்.

“ஒருத்தருக்குத் தோலோட நின்னுடும். ஒருத்தருக்கு மூளையில போயி உக்காந்துக்கும். ஒரே வீட்டுலயே அப்படி. ஏன்னு எங்களுக்கும் தெரியல.”

என் கணவர் அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்டார். பாதிக்குப் பாதி என்றார் டாக்டரம்மா. காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுண்ட வேண்டும், முதல் குழந்தைக்கு வந்துவிட்டது என்பதால் இரண்டாவதற்கு வராது என்று கணக்கு இல்லை. வலிப்பைக் குறைக்க மருந்து உண்டு. நோயை எடுக்க மருந்து இல்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நான் என்ன பண்ணியிருந்தால் இது அவனுக்கு வராமல் இருந்திருக்கும் என்று.

“நீங்க எதுவும் பண்ணலம்மா. உங்களுக்குக் குடுத்தவங்களும் தெரிஞ்சு குடுக்கல.” பிறகு என் அப்பாவை ஒரு முறை கூட்டிவரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் பையனை என் கணவர் வைத்துக்கொண்டார். கொள்ளிடத்தைத் தாண்டி, திருமானூரில் பஸ் நின்றபோது, பையனுக்குப் பன் வாங்கி வந்து பிய்த்து ஊட்டினார். அப்போதுதான், அம்மாகிட்ட இதைச் சொல்ல வேணாம் என்றார். தினமும் என் பிள்ளையைச் சுமக்கிறவரிடம் மறைக்க என்னால் முடியாது என்றேன். அவர் தலையசைத்தார்.

அன்று சாயங்காலமே மாமியாரிடம் சொன்னேன். என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். மறுநாள் காலையில் என் காலைக் காட்டச் சொன்னார். உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தார். “இத்தினியூண்டு” என்றார். அப்புறம் பையனைக் குளிப்பாட்டப் போய்விட்டார். எங்க வூட்டுல யாருக்கும் இல்ல என்ற பேச்சு அதற்குப் பிறகு அவர் வாயில் வரவே இல்லை. அது உண்மை என்று தெரிந்த பிறகு அவரால் சொல்ல முடியவில்லைபோல.

கொஞ்ச நாள் கழித்து என் கணவர் லீவு போட்டுவிட்டுப் பெரம்பலூர் போய், அரசாங்க ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். அவர் வயது ஆட்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே ஓடி ஒளிந்த காலம் அது. கோயில் சாமியாரிடமும் அவர் அம்மாவிடமும் அவர் சொல்லவில்லை. என்னிடமும் முன்னால் சொல்லவில்லை. வந்து படுத்துக்கொண்டு, இன்னொரு தடவை சுண்டிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல என்று மட்டும் சொன்னார். நான் அழுதேன். ஆறுதலாகவும் இருந்தது, இன்னொரு பிள்ளை இனி இல்லை என்பதும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

முந்திரி பொறுக்குகிற சமயத்தில் ஊருக்குப் போனேன். அப்பா தோப்பில் கொட்டையைத் திருகிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“எங்கிட்டேர்ந்தா?”

அவருக்கு முன்னாலேயும் இருந்திருக்கும் என்றேன். மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அம்மாவுக்கும் முகம் இப்படித்தான் இருந்ததாம். நாற்பது வயதைத் தாண்டும்போது மூச்சு வாங்கி வாங்கியே இறந்தாராம். காசம் என்று எல்லோரும் ஒதுக்கிவைத்தார்களாம். அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தானாம், பேச்சு வராதவன், வலிப்புக்காரன், ஏரியில் விழுந்து செத்தவன். பேய் தள்ளிவிட்டது என்றார்களாம். அப்படி ஒரு பெரியப்பா எனக்கு இருந்ததே அன்றுதான் தெரியும். காசம், பேய், வெயில் சூடு என்று வேறு வேறு பெயர் சொல்லிப் புதைத்தவர்கள் எல்லோரும் ஒரே வியாதிக்காரர்களாக இருந்திருக்கலாம். பாட்டியின் மூச்சுக்கு இதுதான் காரணம் என்று இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்பா சந்தேகப்படவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரு வருஷமாக விலாவில் வலி. மூத்திரத்தில் ரத்தம். சூடு என்று நினைத்து இளநீர் குடித்து வந்திருக்கிறார்.

தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். இரண்டு சிறுநீரகத்திலும் கட்டிகள், பெரியவை, ஒன்றை எடுத்தாலும் மற்றது தாங்காது என்றார்கள். அப்பா ஊருக்குத் திரும்பிப் போகாமல் எங்களோடு அரியலூரிலேயே தங்கிவிட்டார். பகலெல்லாம் பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பையனுக்கு யாரையும் தெரியாது, ஆனால் விரல் நுனியால் எதையாவது தேய்த்துக்கொண்டே இருந்தால் அமைதியாக இருப்பான். அப்பாவின் முகம் அவனுக்குப் பிடித்துப்போனது. மடியில் படுத்துக்கொண்டு அந்த முண்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பான். சில சமயம் கிள்ளிவிடுவான். ரத்தம் வரும். அப்பா துண்டால் ஒற்றிக்கொள்வாரே தவிர முகத்தை விலக்கமாட்டார். வேண்டாம்ப்பா என்று சொன்னால், அவனோடதுதானம்மா என்பார். அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் விலாவைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். உள்ளே கட்டி உடைந்து ரத்தம் கொட்டிவிட்டது. வாடகைக் கார் பிடித்துத் தஞ்சாவூர் போகிற வழியிலேயே போய்விட்டார்.

அதற்குள் தம்பிக்குப் பெரம்பலூரில் ஆபீஸ் வேலை கிடைத்திருந்தது. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு தடவை தஞ்சாவூர் வந்து முதுகைக் காட்டிவிடு என்றேன். தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

“எனக்குத் தெரிய வேணாம்க்கா. தெரிஞ்சிட்டா நான் யார் வூட்டுல போயிப் பொண்ணு கேக்குறது?”

கட்டிக்கொள்கிற பெண்ணுக்காவது நீயே சொல்லிவிடு என்றேன். சரி என்றான். பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். கல்யாணப் பூசையின்போது கடைசி வரிசையில் என் பையனுக்கு வலிப்பு வந்தது. பெண் வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளை என்று தம்பி அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பையனைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டோம்.

என் மகன் பத்து வயது வரை இருந்தான். ஐப்பசி மழையில் மருதையாற்றில் வெள்ளம் வந்து பஸ்கள் நின்றிருந்த ஒரு பகலில் வலிப்பு தொடர்ந்து வந்தது. ஒன்று நிற்கும் முன் அடுத்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆள் வந்து சொல்லி நான் ஓடிவந்தபோது மாமியார் அவனை மடியில் வைத்துக்கொண்டு, வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் அடங்கியிருந்தான். தூங்கிட்டான், தூங்கிட்டான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கணவர் வந்து மெதுவாக அவர் கையை விலக்கிப் பிள்ளையை வாங்கினார். அவன் போனபிறகு எங்கள் வீட்டில் கதவைத் திறந்தே போட்டுவைக்க முடிந்தது. அந்தச் சௌகரியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் தம்பி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். கூட அவன் மனைவி, இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. குழந்தை பிறந்ததற்கு எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தான், பார்க்க வரச் சொல்லவில்லை. நான் வெளியே வந்ததும், லீவு போட முடியுமாக்கா, தஞ்சாவூர் போவணும் என்றான். குழந்தைக்கு இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறதாம். ஒரு வாரமாக.

பஸ்ஸில் குழந்தையை நான்தான் வைத்துக்கொண்டேன். நல்ல பிள்ளை. என் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்துச் சிரித்தது. தம்பி மனைவி என் முகத்தையும் பையன் கதையையும் வைத்துத் தானே கணக்குப் போட்டிருக்க வேண்டும். கீழப்பழுவூர் தாண்டியதும் அவனிடம் கேட்டாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்தேன்” என்றான் தம்பி.

அவள் அழவில்லை. தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா, தலையில் கொஞ்சம் நரை விழுந்திருந்தது. தம்பி சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். அவன் முதுகைப் பார்த்ததும் அவர் தலையசைத்தார். குழந்தைக்கு அன்றைக்கே மருந்து ஆரம்பித்தார்கள். வலிப்பு தொடங்கிய வாரத்திலேயே கொண்டுவந்தது நல்லது என்றார். வேறு எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். இரண்டரை வயதில் பேசினாள், மழலையாக. வலிப்பு மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தது, நிற்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பெரம்பலூரில் ஒன்றாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவேன். ஒரு எழுத்து மனதில் நிற்க அவளுக்கு வாரக்கணக்காகும், நின்றது மறுபடி கலைந்தும் போகும். தம்பியும் அவன் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஆனால் அவசியத்துக்கு மேல் அவள் அவனோடு பேசியதை நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்து, பாப்பாவுக்கு என்ன உடம்பு, பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டதாமே என்று விசாரித்தாள். தம்பி, வெயில்ல மயக்கம் என்று தொடங்கினான். அவன் மனைவி குறுக்கே வந்தாள்.

“வலிப்புங்க. இவங்க பரம்பரையில இருக்கு. இவருக்கும் இருக்கு, முதுகுல. எம் பொண்ணுக்கு மூளையில இருக்கு.”

வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். தம்பி நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் மறுபடி குழம்புக் கரண்டியை எடுத்து முதலில் எனக்கும், பிறகு அவனுக்கும் ஊற்றினாள்.